யாரும் தட்டாத கதவு

2015 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரின் ரெபுப்ளிக் சதுக்கத்தில் அன்று காலை ஆயிரக்கணக்கான காலணிகள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. குழந்தைகளின் சின்னஞ்சிறு செருப்புகள், தேய்ந்துபோன தோல் காலணிகள், ஓட்டப் பயிற்சிக்குப் போவோரின் ஷூக்கள். போப் பிரான்சிஸ் அனுப்பிய கறுப்புக் காலணியும் அவற்றுள் ஒரு ஜோடி. போட்டு நடக்க வேண்டியவர்கள் மட்டும் அங்கே இல்லை.

பதினாறு நாள் முன்பு, நவம்பர் 13 வெள்ளிக்கிழமை இரவு, அந்தச் சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த உணவு விடுதிகளிலும், பத்தக்லான் இசையரங்கிலும், நகருக்கு வெளியே கால்பந்து மைதானத்தின் வாசலிலும் பயங்கரவாதிகளின் தாக்குதலில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 90 பேர் பாட்டுக் கேட்கப் போனவர்கள். நாட்டில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. வீதியில் கூட்டம் கூடத் தடை வந்தது. நவம்பர் 30 அன்று உலகத் தலைவர்கள் ஏறக்குறைய 150 பேர் பாரிஸை அடுத்த லெ பூர்ஜேயில் கூடிக் காலநிலை மாநாட்டைத் தொடங்க இருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் நடக்கவிருந்த மக்கள் பேரணியும் அந்தத் தடைக்குள் விழுந்தது. நடக்க அனுமதி கிடைக்காத கால்களுக்குப் பதிலாகக் காலணிகள் வந்து நின்றன.

சதுக்கத்தின் நடுவில் குடியரசின் சிலை. அதன் அடிமேடையைச் சுற்றிச் செத்தவர்களுக்காக ஏற்றிய மெழுகுவத்திகள், வாடிய பூங்கொத்துகள், கையால் எழுதிய தாள்கள். சில அடி தள்ளி இந்தக் காலணிகள். கடந்துபோன ஒரு வெள்ளிக்கிழமையின் அச்சமும், இனி வரப்போகும் நூற்றாண்டின் அச்சமும் ஒரே கற்தரையில் அருகருகே கிடந்தன. முதல் அச்சத்துக்கு ராணுவம் காவல் நின்றது. இரண்டாவது அச்சத்துக்கு வீதியில் நடக்கவும் உரிமை இல்லாதிருந்தது.

அந்த மாநாடு தொடங்கிய மறுநாள், டிசம்பர் 1, சென்னையில் மழை விடாமல் பெய்தது. அடையாறு கரை கடந்து வீடுகளுக்குள் வந்தது. 1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமல், தன் வரலாற்றில் முதல் முறையாக மறுநாள் காலை சென்னையில் அச்சாகாமல் போனது. அந்த மழையை முழுக்கப் புவி வெப்பத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஏரியைத் தூர்த்து எழுப்பிய சுவர்களும், ஆற்றின் மடியில் போட்ட மனைகளும், நேரத்தில் எடுக்கப்படாத முடிவுகளும் அந்த வெள்ளத்தில் கலந்திருந்தன. ஆனாலும் இருட்டில், மின்சாரம் இல்லாத மாடியில், கீழே ஏறிவரும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். நம்மைக் கொல்ல வருவதற்கு நம்மேல் பகை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எதற்கு அஞ்ச வேண்டும், எவ்வளவு அஞ்ச வேண்டும்? இந்தக் கேள்வியோடு பாரிஸ் நகரத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த நகரம் இரண்டு வகைச் சாவையும் பார்த்த நகரம். முதலாவதை நாம் எல்லோரும் அறிவோம். இரண்டாவதை அந்த நாட்டுக்கு வெளியே நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

2003 ஆகஸ்ட். பிரான்சு விடுமுறையில் இருந்த மாதம். பிள்ளைகள் பேரக்குழந்தைகளோடு கடற்கரைகளுக்குப் போய்விட்டார்கள். மருத்துவமனைகளில் பலர் விடுப்பு. பழைய பாரிஸ் கட்டடங்களின் உச்சியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே, ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டிய சிற்றறைகள் உண்டு. அவற்றில் வயதானவர்கள் தனியாக இருந்தார்கள். பகலில் வெயில் 39 டிகிரியைத் தொட்டது. சில இரவுகளில் 25 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நமக்கு அந்த எண் பெரிதாகத் தெரியாது. ஆனால் குளிரை வெளியே நிறுத்தி வெப்பத்தை உள்ளே காப்பதற்கென்றே கட்டப்பட்ட வீட்டில், மின்விசிறிகூட இல்லாத அறையில், எழுபத்தைந்தும் எண்பதும் தாண்டிய உடம்புக்கு இரவிலும் ஓய்வு கிடைக்கவில்லை என்றால், சில நாள்களில் இதயம் தளர்ந்துவிடும். ஆகஸ்ட் 1 முதல் 20 வரை பிரான்சில் மட்டும் வழக்கத்தைவிட ஏறக்குறைய 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்தக் கோடை முழுவதற்கும் ஐரோப்பா முழுவதையும் சேர்த்துப் பின்னாளில் கணக்கிட்டபோது எண் 70,000 என்று வந்தது.

பிணவறைகளில் இடம் இல்லை. ருங்கிஸ் என்ற இடத்தில் காய்கறியும் இறைச்சியும் வைக்கும் மொத்தச் சந்தையின் குளிர்பதனக் கிடங்கைப் பிணவறையாக மாற்றினார்கள். உறவினர்களைத் தேடி அழைத்தார்கள். சிலர் வந்தார்கள். சிலர் விடுமுறை முடிந்து வந்தார்கள். யாருமே வராத 57 உடல்களைச் செப்டம்பர் 3 அன்று பாரிஸுக்குத் தெற்கே தியே கல்லறையில் அரசே அடக்கம் செய்தது. குடியரசுத் தலைவர் ஜாக் சிராக் அங்கே வந்து நின்றார். 57 பேருக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லை.

அந்த ஆகஸ்டில் முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர் பத்ரிக் பெலூ, அவசர சிகிச்சை மருத்துவர்களின் சங்கத் தலைவர். மாதம் பத்தாம் தேதி வாக்கில் தொலைக்காட்சியில் தோன்றி, மக்கள் வெயிலால் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். இயற்கையான சாவுகள்தான் என்று மேலிடத்தில் பதில் சொன்னார்கள். இதே பெலூ, சார்லி எப்தோ இதழிலும் எழுதிவந்தவர். 2015 ஜனவரி 7 அன்று அந்த இதழின் அலுவலகத்தின் மேல் நடந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டபோது, அங்கே முதலில் ஓடிச் சேர்ந்தவர்களில் அவர் ஒருவர். கிடந்தவர்கள் அவருடைய நண்பர்கள். ஒரே மனிதரின் கை இரண்டு வகைச் சாவையும் தொட்டிருக்கிறது. ஜனவரியில் இறந்தவர்களுக்காகப் பாரிஸ் வீதிகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் கைகோத்து நடந்தார்கள். ஆகஸ்டில் இறந்தவர்களுக்காக யாரும் எங்கும் நடக்கவில்லை.

இந்த இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்து, 130 எங்கே, 15,000 எங்கே என்று கேட்டுவிடுவது எளிது. இது போன்ற ஒப்பீட்டைச் செய்தவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். காலநிலை மாற்றத்துக்கான உலக அறிவியல் குழுவில் நெடுங்காலம் தலைமைப் பொறுப்பில் இருந்த சர் ஜான் ஹௌட்டன், 2003 ஜூலை இறுதியில், பாரிஸில் சாவுகள் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, புவி வெப்பமாதலைப் பேரழிவு ஆயுதத்தோடு ஒப்பிட்டு ஒரு நாளிதழில் எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்று நமக்குப் பக்கத்தில் நடந்தது. அந்த ஆண்டு மழைக்கு முந்தைய அனல்காற்றில் இந்தியாவில் 1,500 பேர் இறந்ததைச் சொல்லி, அது செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோரின் எண்ணிக்கையில் பாதி என்றார். அந்தச் சாவுகளில் பெரும்பகுதி ஆந்திரத்தில், நமக்கு அடுத்த வீட்டில். அதை எடை போட்டுச் சொல்ல வேல்ஸ் நாட்டுக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. மறு ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் டேவிட் கிங், பயங்கரவாதத்தைவிடவும் காலநிலை மாற்றமே பெரிய ஆபத்து என்று எழுதினார். பெரிய எதிர்ப்புக் கிளம்பியது.

அவர்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் பத்தக்லானில் மகளைப் பறிகொடுத்த தாயிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்ல நமக்கு நா எழாது. நா எழாததற்கு வெறும் நாகரிகம் காரணமாக இருக்க முடியாது. கொலை ஒரு வாக்கியம் பேசுகிறது. நீ இருக்கத் தகாதவள் என்று ஒரு மனிதன் இன்னொரு மனித உயிரைப் பார்த்துச் சொல்கிறான். வெயில் அப்படிச் சொல்வதில்லை, வெள்ளமும் சொல்வதில்லை. கொலையுண்டவரின் வீட்டில் துக்கத்தோடு அவமதிப்பும் வந்து குடியேறுகிறது. நேற்றுவரை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரை நம்பிய நெஞ்சு இன்று நம்ப மறுக்கிறது. ஊர் என்பதே அந்த நம்பிக்கையின் மேல் கட்டியது. அதைத் தகர்ப்பவனுக்கு அஞ்சாத சமூகம் உயிருள்ள சமூகம் ஆகாது. எனவே பயங்கரவாதத்துக்கு நாம் அஞ்சுவது வெறும் மிகை என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அச்சம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் என் கவலை.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்காவில் ஏராளமானோர் விமானத்தில் ஏற அஞ்சினார்கள். நெடுந்தூரப் பயணத்துக்கும் காரை எடுத்தார்கள். சாலைகளில் நெரிசல் கூடியது. ஜெர்மானிய உளவியல் அறிஞர் கெர்ட் கிகரென்சர் அந்தப் பன்னிரண்டு மாதங்களின் விபத்துக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். வழக்கத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 பேர் சாலைகளில் இறந்திருந்தார்கள். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் சேர்த்து இறந்த பயணிகளைவிட இது பல மடங்கு. அவர்களைக் கொன்றது எந்த இயக்கமும் இல்லை. ஆபத்திலிருந்து தப்புவதாக நினைத்து அவர்கள் ஆபத்தைத் தேடிப் போனார்கள். அவர்களில் யாருடைய பெயரும் நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவிடத்தின் குளங்களைச் சுற்றிய வெண்கலப் பலகையில் பொறிக்கப்படவில்லை. அஞ்சிய மனத்துக்கு அளவுகோல் தப்பிவிடுகிறது. தப்பியது தெரியாமலே அது நடக்கிறது.

தப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் அச்சம் மிகப் பழையது. புதரில் அசைவு தெரிந்தால் விலங்கோ பகைவனோ என்று திடுக்கிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். முகமுள்ளதற்கு அஞ்ச நம் உடம்புக்குத் தெரியும். 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது என்றால், அந்தச் செய்தி கேட்டு யாருக்கும் மயிர்க்கூச்செறிவதில்லை. ஆண்டுக்கு 70 லட்சம் பேரின் ஆயுளை மாசுபட்ட காற்று குறைத்து முடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் சன்னலை மூடிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறோம். உலகத்தைக் கொள்ளைநோய் தாக்கக்கூடும், நாடுகள் ஆயத்தமாக இல்லை என்று 2019 செப்டம்பரில் ஓர் உலகக் கண்காணிப்புக் குழு அறிக்கை வெளியிட்டது. அடுத்த சில மாதங்களில் நடந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அந்த அறிக்கையை எத்தனை பேர் படித்திருப்போம்?

ஆனால் பழைய உடம்பின் மேல் மட்டும் பழி போடுவது போதாது. இன்னும் ஆழமாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போது நம்மையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பயங்கரவாதத்துக்கு அஞ்சும்போது நாம் குற்றமற்றவர்களாக இருக்கிறோம். தீமை அங்கே இருக்கிறது, நாம் இங்கே இருக்கிறோம், நடுவில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியை நீட்டினால் போதும் என்ற எண்ணம் அச்சத்துக்கு நடுவிலும் ஓர் ஆறுதலைத் தருகிறது. புவி வெப்பத்துக்கு அஞ்சத் தொடங்கினால் அந்தக் கோடு அழிந்துபோகிறது. அங்கே பகைவன் எனத் தேடிப் போனால், நாம் ஏறும் வண்டியும், நாம் குளிரூட்டும் அறையும், நாம் எரிக்கும் நிலக்கரியும், நாம் விரும்பி அடைந்த வசதிகளும்தான் எதிரே வருகின்றன. எல்லோருக்கும் பங்கு சமம் என்று நான் சொல்லவில்லை. துத்தநாகக் கூரையின் கீழே செத்த கிழவியின் பங்கும் விமான நிறுவனத்தின் பங்கும் ஒன்றாகாது. ஆயினும் பங்கே இல்லாதவர்கள் மிகக் குறைவு. தன்னைக் குற்றமற்றவனாக வைத்திருக்கும் அச்சத்தை மனம் விரும்பி ஏற்கிறது. தன் கையைத் தானே திருப்பிப் பார்க்கச் சொல்லும் அச்சத்தை அது நாளைக்கு என்று தள்ளிவைக்கிறது.

நம் மலைகளில் இதற்கு ஒரு பழைய பாடம் கிடக்கிறது. மதுரையைச் சுற்றிய குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். அந்த மரபின் துறவிகள் கையில் மயிற்பீலி வைத்திருப்பார்கள். உட்காரும் முன் தரையை அதனால் மெல்லப் பெருக்குவார்கள், கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதும் தம் உடம்பின் கீழே நசுங்கிவிடக் கூடாது என்று. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. எண்ணம் இல்லாதபோதும் நசுங்குவது நசுங்கும் என்ற அறிவு மட்டும் இருந்தது. நம்முடைய சட்டமும் நீதிமன்றமும் கதைகளும் நெடுங்காலமாக எண்ணத்தையே எடை போட்டு வந்திருக்கின்றன. கெட்ட எண்ணம் உள்ளவன் குற்றவாளி, இல்லாதவன் விடுதலை. அந்த நீதி ஊருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் எண்ணூறு கோடிப் பேர், ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமல், காலையில் எழுந்து தத்தம் வேலையைப் பார்ப்பதாலேயே ஒரு கடல் உயர்கிறது, ஒரு பனிமலை உருகுகிறது, எங்கோ ஒரு மேல்மாடி அறையில் ஒரு கிழவியின் மூச்சு நிற்கிறது என்ற காலத்துக்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம். இந்தக் காலத்தில், தீங்கு நினையாதவன் தீங்கு செய்யாதவன் என்ற பழைய உறுதியோடு வாழ்வது, பீலியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

வள்ளுவர் அச்சத்தைப் பற்றிப் பல இடங்களில் பேசுகிறார். அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுவதைப் பற்றி அவர் பேசுகிற இடம் அறிவுடைமை அதிகாரம். வீரத்தைச் சொல்லும் அதிகாரங்களில் அதை ஒரு குறையாக அவர் சேர்க்கவில்லை. எதற்கு அஞ்சுவது என்று தேர்வதை அறிவுடையவரின் தொழிலாகவே வைத்தார். அப்படியானால் அச்சம் நமக்குத் தானாக வந்து சேரும் ஓர் உணர்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று, பயில வேண்டிய ஒன்று, தவறினால் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று. உடம்பு கொடுக்கும் அச்சத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறவன் புதரில் அசைவதற்கு மட்டும் அஞ்சிக்கொண்டிருப்பான்.

பயின்ற அச்சம் எப்படி இருக்கும் என்பதையும் பாரிஸிலேயே பார்க்கலாம். 2015 நவம்பர் 13 அன்று காலையில், பாரிஸின் அவசர மருத்துவக் குழுக்கள் ஓர் ஒத்திகை நடத்தின. நகரின் பல இடங்களில் ஒரே நேரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் என்ன செய்வது என்பது அந்த ஒத்திகையின் பொருள். அன்று இரவே அது உண்மையாக நடந்தது. காலையில் செய்து பார்த்ததை இரவில் செய்தார்கள். பிழைத்தவர்கள் பலருக்கு அந்த ஒத்திகை உயிர் கொடுத்திருக்கும். 2003 ஆகஸ்டில் வெயிலுக்கு அப்படி ஒரு காலை கிடைக்கவில்லை. நாட்டில் வெயிலுக்கென்று ஒரு திட்டமே இல்லை. ஒத்திகை பார்ப்பதற்கு முதலில் அஞ்சியிருக்க வேண்டும். அஞ்சுவதற்கு, செத்துப்போகக்கூடியவர்களை நாம் நினைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குத் தராசைப் பற்றிய எண்ணமே மாறுகிறது. இரண்டு ஆபத்துகளில் எது பெரியது என்று நாம் இவ்வளவு நேரம் நிறுத்துப் பார்த்தோம். தட்டில் இருந்தவை ஆபத்துகள் மட்டும்தானா? இசையரங்கில் இருந்தவர்கள் இளைஞர்கள், நம் பிள்ளைகளைப் போன்றவர்கள். அந்த இடத்தில் நாமோ நம் பெண்ணோ இருந்திருக்கலாம் என்று உலகத்தின் பாதி நகரங்களில் பெற்றோர் நெஞ்சில் கை வைத்தார்கள். துத்தநாகக் கூரையின் கீழே இருந்தவளை, அந்தக் கட்டடத்தின் மற்ற மாடிகளில் இருந்தவர்களே படிக்கட்டில் கண்டு பல நாள் ஆகியிருக்கும். 1995-இல் சிகாகோவில் ஐந்து நாள் வெயில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியலாளர் தெருத் தெருவாகப் போய் விசாரித்தார். வறுமையில் ஒன்றுபோல் இருந்த பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில்கூடச் சாவு ஒன்றுபோல் இல்லை. கடைகளும் நடமாட்டமும் இருந்த தெருவில், கிழவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்த தெருவில், கதவைத் தட்டிக் கேட்க ஆள் இருந்த தெருவில் குறைவாகச் செத்தார்கள். வெப்பமானி எல்லாத் தெருக்களிலும் ஒரே அளவைத்தான் காட்டியிருக்கும். ஆகவே நாம் எதற்கு அஞ்சுகிறோம் என்ற கேள்வியின் அடியில், நாம் யாருக்காக அஞ்சுகிறோம் என்ற கேள்வி எப்போதும் கிடக்கிறது. நம் அச்சம் போய் நிற்கிற இடம்வரைதான் நம் உறவும் போய் நிற்கிறது. ஒரு சமூகம் யாருடைய சாவுக்கு முன்கூட்டியே நடுங்குகிறதோ அவர்களையே அது தன்னவர் என்று கொள்கிறது, யாருடைய சாவைப் பிணவறை நிரம்பிய பிறகு எண்களாகக் கேட்டுக்கொள்கிறதோ அவர்களை அது, என்ன சட்டம் எழுதி வைத்திருந்தாலும், எவ்வளவு சமத்துவம் பேசினாலும், தன் வாசலுக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கு உலகம் இன்னும் போதிய அளவு அஞ்சவில்லை என்றால், அதில் முதலில் சாகிறவர்கள் வயதானவர்கள், தனித்தவர்கள், வயலிலும் சித்தாள் வேலையிலும் வெயிலைத் தலையில் வாங்குகிறவர்கள், வங்கக் கடலோரத்தில் குடிசை போட்டவர்கள், இன்னும் பிறக்காதவர்கள் என்பதும் அதற்குக் காரணம்.

பிரான்சு வெட்கப்பட்டது; வெட்கப்பட்டு வேலையும் செய்தது. 2004 முதல் வெப்ப அலைக்கென்று தேசியத் திட்டம் வந்தது. தனியாக இருக்கும் முதியவர்களின் பெயர்ப் பதிவேட்டை ஒவ்வொரு நகராட்சியும் வைத்திருக்கிறது. எச்சரிக்கை வந்தால் அந்தப் பெயர்களைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள்: தண்ணீர் குடித்தீர்களா, தலை சுற்றுகிறதா, யாரையாவது அனுப்பட்டுமா. ஆண்டுக்கு ஒரு நாள் கூடுதல் சம்பளம் இல்லாமல் வேலை செய்து, அதன் பயனை முதியோர் பராமரிப்புக்குக் கொடுக்கவும் சட்டம் கொண்டுவந்தார்கள். 2006 ஜூலையில் மறுபடியும் கடும் வெயில் வந்தது. பழைய நிலையே நீடித்திருந்தால் ஏறக்குறைய 6,400 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்பது பின்னாளில் போட்ட கணக்கு. இறந்தவர்கள் ஏறக்குறைய 2,000. இடையில் உள்ள நான்காயிரத்துச் சொச்சம் பேர் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. தாம் பிழைத்தது அவர்களுக்கும் தெரியாது. பயங்கரவாதியைப் பிடித்தால் படம் வரும். இந்தப் பிழைப்புக்குப் படம் இல்லை.

இந்த வேலை பணக்கார நாடுகளால் மட்டுமே முடிவது என்று நினைக்க வேண்டாம். 2010 மே மாதத்தில் அகமதாபாதில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்த மாநகராட்சி தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒடிசாவில் 1999-இன் பெரும்புயல் ஏறக்குறைய பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. 2019-இல் ஃபானி வந்தபோது அங்கே பன்னிரண்டு லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். இறந்தோர் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அரசு அறிவித்தது. அதே 2024-தான், பாரிஸ் மாநாட்டில் உலகம் முயல ஒப்புக்கொண்ட 1.5 டிகிரி வெப்ப உயர்வு எல்லையைப் புவியின் ஆண்டுச் சராசரி முதல் முறையாகத் தாண்டிய ஆண்டு.

மே மாதம் வந்தால் நமக்கு அக்னி நட்சத்திரம். உங்கள் தெருவிலும் மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்ட ஓர் அறை இருக்கும். அதில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் ஒருவர் தனியாக இருப்பார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெயில் உச்சிக்கு ஏறும் நாள்களில் படியேறிப் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாளும் போங்கள்.